பதினெட்டு நாள் நிழல்

அக்கா வீட்டுக்கு நான் நேரம் பார்த்துத்தான் போவேன். தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கிழக்குப் பார்த்த வீடு. காலை எட்டு மணிக்கு வாசலில் நின்றால் என் நிழல் நடை முழுவதும் நீண்டு கூடத்தில் விழும். பதினொன்றுக்கு மேல் போனால் படியோடு நின்றுவிடும். அதனால் பதினொன்றுக்கு மேல்தான் போவேன். கூடத்தில் உட்கார்ந்தாலும் ஜன்னலுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் உட்காரமாட்டேன். இதற்குக் காரணம் அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அக்காவை எங்கள் அம்மாவின் கடைசித் தம்பிக்குக் கொடுத்திருந்தது. அம்மாவுக்கும் அவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மாதான் அவரைத் தூக்கி வளர்த்தவள். கல்யாணத்துக்கு முன்னும் எனக்கு அவர் மாமா, பின்னும் மாமா. வெளியில் ஜாதகம் வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. "தெரிஞ்ச எடம், தெரிஞ்ச ரத்தம்" என்பாள் அம்மா. அந்தக் காலத்தில் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் மட்டும் இப்படி நான்கு கல்யாணங்கள் இருந்தன. யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

முதல் குழந்தை பெண். யுத்தம் ஆரம்பித்த வருஷம் பிறந்தாள். எல்லாக் குழந்தைகளையும் போல அவளையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளவெயிலில் போட்டார்கள். அன்று சாயங்காலம் உடம்பு வெந்நீர் கொட்டியது மாதிரி சிவந்தது. தோல் உரிந்து ஆற ஒரு வாரம் ஆயிற்று. எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணெயை மாற்றினார்கள். மறுபடியும் சிவந்தது. தேய்த்துக் குளிப்பாட்டும் பயத்தம்மாவை மாற்றினார்கள். வெயிலை யாரும் மாற்றவில்லை.

இரண்டு வயதுக்குள் அவள் முகத்தில் புள்ளிகள் வர ஆரம்பித்தன. கடுகு அளவு, பழுப்பு நிறம். முதலில் மூக்கின் மேல், பிறகு கன்னம், புறங்கை, கழுத்து. உடை மூடிய இடங்களில் ஒன்றும் இல்லை. பகலில் கண்ணைத் திறக்கமாட்டாள். எப்போதும் அக்காவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பாள். "கூச்ச சுபாவம்" என்றார்கள். விளக்கு வைத்த பிறகு அவள் கூடம் முழுவதும் ஓடுவாள், பேசுவாள், எல்லோரையும் அதட்டுவாள். அதையும் பார்த்தோம்.

நான் அப்போது ஒரு தமிழ்த் தினசரியில் புரூப் திருத்துகிறவன். பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை. ஒருவர் மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார். கமா, புள்ளி, பத்தி எல்லாவற்றையும் சொல்லிப் படிப்பார். நான் அச்சுக் கோத்து எடுத்த ஈரக் காகிதத்தில் அதைத் தொடர்ந்து போய்த் தப்புகளைக் குறிப்பேன். கோக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தப்பு வரும். வரத்தான் செய்யும். அதற்காகத்தான் எங்களை வைத்திருந்தார்கள். எங்கள் கண்ணைத் தாண்டிப் போனது மறுநாள் காலையில் ஊர் முழுவதும் ஒரே மாதிரி அச்சாகிப் போய்ச் சேரும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

என் கண்ணை ஆபீசில் மெச்சிக்கொள்வார்கள். அதை இங்கே எழுதுவதில் எனக்குப் பெருமை இல்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணம் காலியாயிற்று. மாமாவுக்குத் தந்தி இலாகாவில் வேலை. அவர் போக முடியாது. அவர் போகாததால் அக்காவும் போகவில்லை. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு. மாமாவின் வீடு புதிய பாணி. எல்லா ஜன்னலுக்கும் கண்ணாடி. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பசை காய்ச்சி, ஜன்னல்களுக்கும் மேலே இருந்த காற்றுத் துவாரங்களுக்கும் கறுப்புக் காகிதம் ஒட்டினார். ஒட்டியதைத் தினம் தினம் எடுத்து ஒட்ட முடியுமா? பகலிலும் அப்படியே இருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டுக்குள் போனால் நான் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடப்பேன்.

அதே வாரத்தில் அக்கா ஒரு வேண்டுதல் செய்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் தோல் வியாதிக்கும் கண் வியாதிக்கும் சூரியன்தான் தெய்வம். குழந்தைக்குக் குணமானால், ரதசப்தமி தொடங்கி ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அவளைக் குளத்தில் குளிப்பாட்டி ஈரத்தோடு உதய சூரியனுக்கு எதிரில் நிறுத்துவதாக நேர்ந்துகொண்டாள்.

குழந்தைக்குக் குணமாயிற்று. இரண்டு மாதத்தில் கண்ணில் நீர் வடிவது நின்றது. பகலில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவள் கண் இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தோல் உரியவில்லை. பழைய புள்ளிகள் இருந்தன. புதிதாக ஒன்றும் வரவில்லை. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் வாரம் ஒருமுறை அவள் கன்னத்துப் புள்ளிகளை எண்ணுவேன். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. நான் எண்ணி முடித்ததும், "தப்பு, இன்னொரு தடவை" என்பாள்.

"பாத்தியா? நேந்துண்ட ஒடனே கேட்டுது" என்றாள் அக்கா.

நானும் தலையை ஆட்டினேன். ஒரே வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று வேண்டுதல், மற்றது காகிதம். இரண்டும் என் முன்னால் இருந்தன. ஆபீசில் உதவி ஆசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: செய்தி சரி, தலைப்பு தப்பு. வாசகன் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவான் என்பார். நானும் அப்படித்தான் போனேன்.

வருஷக் கடைசியில் பயம் தணிந்தது. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கறுப்புக் காகிதம் மழைக்கு ஊறி மூலை மூலையாகத் தொங்கியது. மாமா ஒரு நாள் அதைக் கிழித்து எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டார். வீடு பளிச்சென்று ஆனதில் எல்லோருக்கும் சந்தோஷம்.

தையில் ரதசப்தமி வந்தது. அக்கா அப்போது இரண்டாவது பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தாள். குளம் எங்கள் தெருமுனையில். அக்காவால் வழுக்குப் படியில் இறங்க முடியாது; அம்மாவுக்கு முழங்கால் வலி; மாமா ஏழு மணிக்கே ஆபீஸ் கிளம்ப வேண்டும். காலையில் வேலை இல்லாத ஆண்பிள்ளை நான்தான்.

முதல் நாள் அவள் தலையிலும் தோளிலும் எருக்கிலை வைத்துக் குளிப்பாட்டினேன். பிறகு குளத்தின் மேற்குக் கரையில், தண்ணீரிலிருந்து நான்காவது படியில், கிழக்கே பார்த்து நிறுத்தினேன். எதிரே தண்ணீர், அதற்கு அப்பால் கோபுரம். சூரியன் கோபுரத்தைத் தாண்டி மேலே வந்த பிறகு கணக்கு. நான் அவள் பின்னால் நின்று, சூரியனின் பன்னிரண்டு நாமங்களைப் பன்னிரண்டு தடவை சொல்ல வேண்டும். நிதானமாகச் சொன்னால் ஒரு நாழிகை.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பாள். அழமாட்டாள். கன்னத்தில் நீர் வழியும். அது அழுகை இல்லை, வெளிச்சம். மூன்றரை வயதுக் குழந்தை. முகத்தைத் திருப்பினால் நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்து நேராக வைப்பேன். இதை நான் முப்பது நாள் செய்தேன்.

பத்தாம் நாள் மூக்கு உரிந்தது. இருபதாம் நாள் உதட்டோரம் வெடித்தது. "உள்ள இருக்கறது வெளில வரது. வந்துதான் போகணும்" என்றாள் அம்மா. புள்ளிகளை எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். எண்ணினால் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

ஆபீசில் தப்புகள் என் கண்ணைத் தாண்டிப் போக ஆரம்பித்தன. அச்சுக் கோக்கும் பகுதிக்குத் தலைவர் ராயப்பேட்டைக்காரர், முஸ்லிம், நாற்பது வயது. என் திருத்தங்கள் அவரிடம்தான் போகும். ஒரு மாலை ஈரப் புரூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"இன்னா நைனா, ஒரு பத்தியே காணோம், கண்ணுக்குத் தெரில. தூங்கிக்கினு கீறியா?"

"வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை."

"இன்னா உடம்புக்கு?"

சொன்னேன். வெயில், புள்ளி, காகிதம், வேண்டுதல் என்று நடந்த வரிசையில் சொன்னேன். அவர் மை ஒட்டிய விரலைத் துணியில் துடைத்தபடியே கேட்டார்.

"கறுப்புக் கடுதாசி ஒட்னப்ப நல்லா இருந்திச்சி. பிச்சப்பறம் பூட்ச்சி. அதானே?"

"வேண்டிக்கொண்டதால்தான் நன்றாக இருந்தது."

"வேண்டிக்கினது எப்ப?"

"அதே வாரம்."

"எங்க வூட்லயும் நேந்துக்குவாங்கோ. தர்காவுக்குப் பூப் போடுவாங்கோ, சக்கரை குடுப்பாங்கோ. ஆனா நெருப்பு சுட்ட புள்ளைய நெருப்புகிட்டயே கூட்டிக்கினு போயி நிறுத்தி, நீயே பாத்துக்கன்னு எவனாச்சும் சொல்வானா? படிச்ச ஆளு நீ." பிறகு, தான் அதிகம் பேசிவிட்டோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். "டாக்டராண்ட காட்டு. நான் பத்தியைக் கோக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பதாம் நாள், குளத்திலிருந்து திரும்பியதும், அக்காவிடம் சொல்லிவிட்டுக் குழந்தையை ரிக்‌ஷாவில் கோபாலபுரத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே தோல் வியாதி பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் குழந்தையின் சட்டையைக் கழற்றச் சொன்னார். வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வயிறு எந்தக் குழந்தையின் வயிறு மாதிரியும் இருந்தது. பூதக்கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"தாயாரும் தகப்பனாரும் உறவா?"

"அம்மாவின் தம்பிக்கு அக்காவைக் கொடுத்திருக்கிறது."

அவர் அதை எழுதிக்கொண்டார். வேறு எதையும் அவர் எழுதிக்கொள்ளவில்லை. பிறகு நீளமான ஒரு லத்தீன் பெயரைச் சொன்னார். காய்ந்து நிறம் மாறிய தோல் என்று அர்த்தமாம். பெயர் இருக்கிறது, மருந்து இல்லை என்றார். இந்த வியாதி வந்த குழந்தைகளைப் புத்தகத்தில் பார்த்திருப்பதாகவும் நேரில் இவள்தான் முதல் என்றும் சொன்னார்.

"வெயில்தான் இவளுக்கு ஆகாது. கொஞ்சம்கூட ஆகாது. கண்ணாடி ஜன்னலுக்குத் திரை போடுங்கள். வெளியே போனால் முழுக்கைச் சட்டை, தொப்பி. இருட்டின பிறகு விளையாடட்டும். இல்லாவிட்டால் இந்தப் புள்ளிகளில் ஏதாவது ஒன்று வளரும்."

"வளர்ந்தால்?"

"வளரும்" என்றார் மறுபடியும்.

குழந்தை மேஜை மேலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "உங்களுக்கும் புள்ளி இருக்கே" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அது என் தொழில். உறவைப் பற்றிக் கேட்டதையும் சொன்னேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா குழந்தையை மடியில் வைத்து அதன் உதட்டோரத்தில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தனை நாள் பாக்கி?" என்று கேட்டாள் அம்மா.

"பதினெட்டு."

"பாதில விட்டா மொதல் நாள்லேர்ந்து ஆரம்பிக்கணும். முப்பது நாள் நின்னதெல்லாம் வீண். விட்ட தோஷம் வேற."

"டாக்டர் வெயிலே கூடாதுன்னு..."

"பதினெட்டு நாள்தானே. அப்பறம் டாக்டர் சொல்றபடி ஆத்துலேயே வெச்சுக்கறது. ரெண்டு பேர் பேச்சையும் கேட்டாப்லயும் ஆச்சு."

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஆறாவது மாதம். "முடிச்சுடலாம்டா" என்றாள். "நேந்துண்டவ நான். வயத்துலயும் ஒண்ணு இருக்கு. கொறை வெக்கக் கூடாது."

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். குளத்துக்குத் தூக்கிப் போக என்னை விட்டால் ஆள் இல்லை. நான் மறுத்திருந்தால் அந்தப் பதினெட்டு நாள் நடந்திருக்காது. அல்லது அக்கா வயிற்றோடு படியில் இறங்கியிருப்பாள். இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் பல வருஷங்களாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள், முப்பத்தோராம் நாள், அவளைக் குளிப்பாட்டி அதே நான்காவது படியில் நிறுத்தினேன். சூரியன் கோபுரத்தைத் தாண்டியது. நான் பின்னால் நிற்கவில்லை. ஒரு படி கீழே இறங்கி, அவளுக்கு முன்னால், சூரியனுக்கு முதுகு காட்டி நின்றேன். என் நிழல் படியில் ஏறி அவளை மூடியது. பன்னிரண்டு நாமங்களைச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது சுற்றில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"மாமா, நீ கறுப்பா இருக்கே" என்றாள்.

"வெயிலுக்கு முதுகைக் காட்டிண்டு நிக்கறேனோல்லியோ."

"சாமிக்கு முதுகைக் காட்டலாமா?"

"பேசாம நில்லு."

வெயில் ஏற ஏற நிழல் குறுகும். அதனால் ஒரு நாழிகைக்குள் நான் இரண்டு மூன்று தடவை அவளை நெருங்கி நிற்க வேண்டியிருந்தது. பங்குனி வெயிலில் என் முதுகு எரிந்தது. அவள் தலைமயிரில் மட்டும் ஓரத்தில் வெளிச்சம் படும். நான் வேட்டியைச் சற்று விரித்து அதையும் மறைப்பேன். ஐந்தாறு நாளில் அவள் என் நிழலோடு விளையாட ஆரம்பித்தாள். நான் நகர்ந்தால் தானும் நகர்ந்து அதற்குள் வந்துவிடுவாள். பதினெட்டு நாளில் மூக்கு ஆறியது. நாற்பத்தெட்டாம் நாள் அம்மா சர்க்கரைப் பொங்கல் செய்து நைவேத்தியம் வைத்தாள். "மொகம் தெளிஞ்சிருக்கு பாரு" என்றாள் எல்லோரிடமும். நான் கையில் வாங்கிய பொங்கலைச் சாப்பிட்டேன்.

ஆனியில் ஆண் குழந்தை பிறந்தான். அவனையும் வெயிலில் போட்டார்கள். அன்று சாயங்காலம் வரை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அவன் சிவக்கவில்லை. மறுநாளும் சிவக்கவில்லை. அக்கா அவனை மடியில் போட்டுக்கொண்டு முதல் தடவையாக அழுதாள்.

பெண்ணைத் தியாகராய நகர் வீட்டில் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மாமா மறுபடியும் கறுப்புக் காகிதம் ஒட்டினார். யுத்தம் முடிந்த பிறகும் அவர் வீட்டில் அது இருந்தது. தெருவில் போகிறவர்கள் கேலி செய்வார்கள். அவள் ஆறு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான் ஆபீசிலிருந்து கொண்டுவரும் பழைய புரூப்களை விளக்கடியில் வைத்து, என்னைப் போலப் பென்சிலால் கோடு போடுவாள். தப்பு இல்லாத இடத்திலும் போடுவாள்.

அதே வருஷம் அவள் இடது கண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி தடித்தது. மிளகு அளவாயிற்று. பிறகு புண்ணாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் புற்று என்று ரேடியம் வைத்தார்கள். அது ஆறும்போது நெற்றிப்பொட்டில் இன்னொன்று கிளம்பியது.

ஒரு விடுமுறை நாள் சாயங்காலம், விளக்கு ஏற்றிய சற்று நேரத்தில், நான் அங்கே போயிருந்தேன். கூடத்தில் சின்னவன் பாயில் உட்கார்ந்திருந்தான். மேஜை விளக்குக்கும் அவனுக்கும் நடுவில் அவள் நின்றிருந்தாள், கண்ணுக்குக் கீழே பஞ்சுக் கட்டோடு. அவள் நிழல் அவன் மேல் விழுந்தது. அவன் நகர்ந்தால் தானும் நகர்ந்து அவனை மூடினாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. கிட்டப் போனபோது சூரியனின் நாமங்கள் என்று தெரிந்தது.

"என்னடி வெளையாட்டு இது?" என்றாள் அக்கா, சமையல் உள்ளிலிருந்து வந்தவள்.

"வேண்டுதல் வெளையாட்டு. நான் மாமா. அவன் நான்."

"குறுக்க எதுக்கு நிக்கறே? வெளிச்சம் அவன்மேல படலியே."

"மாமா இப்டித்தான் நிப்பா. மொதல்ல பின்னாடி நிப்பா. அப்பறம் தெனமும் இப்டித்தான் நிப்பா. எனக்கு ஜில்லுனு இருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தாள். கையில் கரண்டி இருந்தது. அதை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"எத்தனை நாள்?"

"பதினெட்டு" என்றேன்.

"வெயில் அவமேல படவே இல்லையா?"

"டாக்டர் சொன்னாரே அக்கா."

"டாக்டர் சொன்னது எல்லார்கிட்டயும் சொன்னது. நான் சொன்னது உன்கிட்ட மட்டும் சொன்னது. உன்னை நம்பித்தானே அனுப்பிச்சேன்?" குரல் உயரவில்லை. "சாமிக்கும் அவளுக்கும் நடுவுல போய் நின்னுருக்கே. இப்போ பாரு, எங்க வந்துருக்குன்னு."

அப்போது சின்னவன் எழுந்து என்னை நோக்கி ஓடி வந்தான். அக்கா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"இவன்மேல உன் நெழல் பட வேண்டாம்" என்றாள்.

பெண் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக அவளுக்குத் தெரிந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், ஒன்பது வயது முடிவதற்கு முன் அவள் இறந்துபோனாள். கடைசி நாட்களில் இரண்டு கண்ணும் தெரியவில்லை. நான் போனால் காலடிச் சத்தத்தில் கண்டுகொண்டு, "மாமா, எண்ணு" என்பாள். நான் கன்னத்தில் விரல் வைத்து எண்ணுவேன். ஒன்று, இரண்டு என்று இருபது வரை சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன். "தப்பு" என்பாள். காரியங்கள் எல்லாம் பகலில் நடந்தன. தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது நல்ல வெயில். யாரோ குடை கொண்டுவந்து பிடித்தார்கள். மாமா அதை மடக்கச் சொன்னார்.

இதற்கு மேல் நான் தெரிந்துகொண்டது பல வருஷங்களுக்குப் பிறகு. அதற்குள் நான் அதே தொழிலில் வயதாகி, ஞாயிறு அநுபந்தத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தேன். விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வந்தது. திருத்துவதற்காகப் படித்தேன். உயிரணு ஒவ்வொன்றிலும் உடம்பு முழுவதற்குமான வாசகம் இருக்கிறதாம். இரண்டு இழைகளாக, ஒன்றுக்கு ஒன்று எதிர்ப்பிரதியாக இருக்கிறதாம். உயிரணு இரண்டாகும் ஒவ்வொரு முறையும் அந்த வாசகம் முழுவதும் மறுபடி கோக்கப்படுகிறது. தப்பு வருகிறது. கோக்கிறதைத் தொடர்ந்து போய்த் தப்பைப் பார்த்து எடுத்துப் போடுகிறவை உள்ளேயே இருக்கின்றன. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த பத்தி வெயிலைப் பற்றி. வெயில் பட்ட தோலில், இழையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுவிடும். எல்லோருக்கும் இது நடக்கிறது. குளத்தில் குளித்துவிட்டு நிற்கும் ஒவ்வொருவருக்கும் நடக்கிறது. உடனே அந்தத் துண்டை வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்துப் படித்து, இடைவெளியைச் சரியாக நிரப்பிவிடுகிற வேலையும் நடக்கிறது. அதனால்தான் நாம் வெயிலில் நடமாடுகிறோம். மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் இந்தத் திருத்தும் வேலை நடப்பதில்லை. பிழை பிழையாகச் சேர்ந்து, அவற்றில் ஏதோ ஒன்று, பெருகுவதை நிறுத்தச் சொல்லும் இடத்தில் விழும்போது அந்த உயிரணு நிற்காமல் பெருகும். டாக்டர் "வளரும்" என்று சொன்னது அதுதான்.

இந்தக் குறை தாய் கொடுத்த பிரதியிலும் தகப்பன் கொடுத்த பிரதியிலும் இரண்டிலும் இருந்தால்தான் குழந்தைக்கு வரும். ஒன்று நன்றாக இருந்தால் போதும், தெரியவே தெரியாது. நெருங்கிய உறவில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தைகளில் அதிகம் பார்க்கலாம் என்று கட்டுரை முடிந்தது. தெரிந்த ரத்தம். யாரோ ஒரு பாட்டனிடமோ பாட்டியிடமோ ஒரு தடவை விழுந்த தப்பு, அம்மா வழியாக அக்காவுக்கும், நேராக மாமாவுக்கும் வந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தப் பெண்ணிடம் சேர்ந்திருக்கிறது. சின்னவன் தப்பித்தான். எனக்குள்ளும் அது இருக்கலாம்.

கட்டுரையில் இருந்த எந்த வாக்கியத்தையும் நான் திருத்தவில்லை. ஒரு விஷயம் மட்டும் அதில் இல்லை. எந்த நாள் வெயில் என்பது. அவள் பிறந்த வாரத்து வெயிலா, மாமா காகிதத்தைக் கிழித்த பிறகு வந்த வெயிலா, நான் பின்னாலிருந்து தலையைப் பிடித்து நேராக வைத்த முப்பது காலைகளில் ஒன்றா? யாராலும் சொல்ல முடியாது. பதினெட்டு நாள் மட்டும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

அந்தப் புரூப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அவளிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தது. என் நிழல் கெடுக்கவில்லை என்று அவள் வாயால் கேட்க வேண்டும். அந்த அவசரத்தில் மணி பார்க்கவில்லை. வாசலை அடைந்தபோது எட்டரை.

அக்கா வாசல் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாமா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

பையில் இருந்த காகிதத்தைப் பற்றி அப்போதுதான் ஒழுங்காக யோசித்தேன். என் நிழல் கெடுக்கவில்லை என்றால் எது கெடுத்தது என்று அவள் கேட்பாள். அவள் கெட்டிக்காரி, அடுத்த வரியைத் தானே படித்துவிடுவாள்.

"யாரு, நீயா? என்ன இத்தனை சீக்கிரம்?" என்றாள் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு.

"சும்மாத்தான்."

"அங்க ஏன் நிக்கறே? கொஞ்சம் இப்படி வந்து நில்லு. வெயில் கண்ணைக் குத்தறது."

"நாற்காலியை உள்ள போட்டுடறேனே."

"நில்லுங்கறேன்."

படி ஏறி அவள் முன்னால் நின்றேன். என் நிழல் நடையில் நீண்டு அவள் முகத்தை மூடியது. அவள் புருவத்திலிருந்து கையை எடுத்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று காட்ட அந்த முகத்தில் ஒன்றும் இல்லை.

"ம். இப்போ தேவலை" என்றாள்.

பிறகு காப்பிப்பொடி விலையைப் பற்றியும் பையன் கடிதம் போடாததைப் பற்றியும் பேசினாள். வெயில் ஏறியது. நிழல் குறுகக் குறுக, நான் அவளை நெருங்கி நின்றேன். ஒரு நாழிகை இருக்கும்.